கடலோரத்தில் விழுந்த ட்ரோன்: சரிசெய்வதா, மாற்றுவதா?

கேள்வி: ஐயா, செங்கல்பட்டில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் எல்லாம் எடுக்கிறோம். 2021-ல் வாங்கிய மடக்கு ட்ரோன் ஒன்று இருக்கிறது. எடை 600 கிராம். அப்போதே பதிவு செய்து அடையாள எண் வாங்கிவிட்டேன். பைலட் சான்றிதழும் இருக்கிறது. போன மாதம் பட்டிபுலம் பக்கம் மாப்பிள்ளை-பெண் அவுட்டோர் ஷூட். சவுக்குத் தோப்புக்குப் பின்னால், வண்டி நிறுத்திய இடத்திலிருந்து பறக்கவிட்டேன். பொழுது சாயும் நேரத்தில் கடல் மேலிருந்து 'ரிட்டர்ன் டு ஹோம்' கொடுத்தேன். திரும்பும் வழியில் சவுக்குக் கிளையில் பட்டு, சுற்றிக்கொண்டே போய் ஈர மணலில் விழுந்தது. ஓடிப்போய் எடுப்பதற்குள் ஓர் அலை நனைத்துவிட்டது.

பேட்டரியைக் கழற்றி இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். இப்போது ஆன் ஆகிறது. முன்பக்க வலது கை முறிந்திருக்கிறது. கேமராவைத் தாங்கும் கிம்பல் ஒரு பக்கம் தொங்குகிறது. படம் வருகிறது, ஆனால் நடுங்குகிறது. ஒரு கடையில் 24,000 ரூபாய்க்கு எல்லாம் சரி செய்து தருகிறேன் என்கிறார்கள். இன்னொருவர், "இது ஆகாது, கொடுத்துவிட்டு மேலே 80,000 போடுங்கள், புதுசு தருகிறேன்" என்கிறார். ஆவணி முகூர்த்தங்கள் வருகின்றன. எதைச் செய்வது?

— ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: இரண்டு பேருக்கும் இப்போது பணம் கொடுக்காதீர்கள். உங்கள் ட்ரோனை இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லை என்று தெரிகிறது. திறக்காமல் '24,000-ல் எல்லாம் சரி' என்பதும் ஊகம், 'ஆகாது' என்பதும் ஊகம். முதலில் பிரித்துப் பார்க்க மட்டும் கூலி கொடுங்கள். போர்டுக்குக் கடல் தண்ணீர் போகவில்லை என்றால் சரிசெய்வதுதான் உங்களுக்கு லாபம். போயிருந்தால், அரை விலைக்குச் சரிசெய்து கொடுத்தாலும் வேண்டாம். அதுவரை பேட்டரியைப் போட்டு ஆன் செய்து பார்ப்பதை நிறுத்துங்கள். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஏன் விழுந்தது?

செலவைப் பேசுவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். ட்ரோன் விழுவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள்: ஓட்டியவர் கை, சூழல், இயந்திரம். முதல் இரண்டில் ஒன்று என்றால் உடைந்ததை மாற்றிவிட்டு நம்பிப் பறக்கலாம். மூன்றாவது என்றால், கையையும் கிம்பலையும் புதிதாகப் போட்டாலும் விழவைத்த கோளாறு உள்ளேயே இருக்கும். அடுத்த முறை அது மணலில் விழாது, மண்டப வாசலில் நிற்கும் கூட்டத்தின் மேல் விழும்.

விடை உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. பறக்கவிடும் செயலியில் ஒவ்வொரு பறப்பின் பதிவும் சேமிக்கப்பட்டிருக்கும். கடைசிப் பறப்பைத் திறந்து, மோதலுக்கு முந்தைய ஒரு நிமிடத்தைப் பாருங்கள். பேட்டரி வோல்ட்டேஜ் திடீரென்று சரிந்ததா, மோட்டார் பிழை வந்ததா, திசைகாட்டிப் பிழை வந்ததா, செயற்கைக்கோள் எண்ணிக்கை குறைந்ததா? இவற்றில் ஒன்று இருந்தால் இயந்திரத்தைச் சந்தேகியுங்கள். எதுவும் இல்லாமல் உயரமும் வேகமும் சீராக இருந்து, மோதிய பிறகுதான் பிழைச் செய்திகள் வரிசைகட்டுகின்றன என்றால் இயந்திரத்தின் மேல் குற்றமில்லை.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது வகைதான் தெரிகிறது. 'ரிட்டர்ன் டு ஹோம்' உயரம் தோப்பின் உயரத்துக்குக் கீழே அமைக்கப்பட்டிருக்கலாம். சில மாடல்கள், புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே இருந்தால், அந்த உயரத்துக்கு ஏறாமலே திரும்பும். கடலுக்கும் வண்டிக்கும் நடுவில் தோப்பு இருந்தது. நேர்கோடு அதன் வழியாகத்தான் போகும். தடை அறியும் சென்சார்கள் சுவரையும் பாறையையும் பார்க்கும் அளவுக்குச் சவுக்கின் மெல்லிய கிளையையும் ஊசி இலையையும் பார்ப்பதில்லை. வெளிச்சம் மங்கினால் இன்னும் மோசம். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இதே தோப்பும் இதே அந்தி நேரமும்தான். இனி அங்கே போனால் தோப்பின் கடல் பக்கத்திலிருந்தே பறக்கவிடுங்கள். திரும்பும் உயரத்தை மரத்துக்கு மேல் நல்ல இடைவெளி விட்டு அமையுங்கள்.

தண்ணீர் எதுவரை போனது?

உடைந்த கை கண்ணுக்குத் தெரிகிறது. உப்பு தெரியாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. வெயிலில் வைத்தால் தண்ணீர் போகும், உப்பு அங்கேயே தங்கும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தை அந்த உப்பு திரும்பத் திரும்ப இழுத்துக்கொள்ளும். பேட்டரி போட்டு மின்சாரம் பாயும்போது, ஈர உப்பு படிந்த இடங்களில் செப்புக் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படும். இன்று ஆன் ஆவதும் படம் வருவதும் இதற்கு எதிரான சாட்சி ஆகாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாம்பரம், முடிச்சூர் பக்கம் 'தண்ணி பார்த்த' கார்கள் பாதி விலைக்கு வந்தது நினைவிருக்கும். ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் நன்றாகவே ஓடின. மின்சார வேலைகள் மாதங்கள் கழித்துத்தான் ஒவ்வொன்றாகப் படுத்தன. ட்ரோன் படுத்தால் ஓரமாக நிறுத்த முடியாது.

ஆகவே பிரிக்கும்போது கூடவே இருங்கள். மெயின் போர்டு, மோட்டார்களுக்கு மின்சாரம் அனுப்பும் இ.எஸ்.சி. போர்டு, பேட்டரி பொருந்தும் பின்கள், ரிப்பன் கேபிள் செருகும் கனெக்டர்கள் ஆகியவற்றை உருப்பெருக்கியில் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் பொடியோ பச்சைக் கறையோ இருக்கிறதா? சிப்களை மூடியிருக்கும் தகர உறைக்குக் கீழும் பார்க்க வேண்டும்; அங்கே ஒதுங்கிய தண்ணீர் எளிதில் வெளியே வராது. வெளி உறையிலும் முறிந்த கையிலும் மட்டும் ஈரம் பட்டிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்தால் போதும். போர்டில் கறை தெரிந்தால், 'கழுவிப் போட்டால் ஓடும்' என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எத்தனை நாள் ஓடும் என்று அவரால் சொல்ல முடியாது. ஆட்கள் தலைக்கு மேல் பறக்கும் பொருளுக்கு அந்தப் பதில் போதாது.

மணலும் ஒரு தொல்லை. மாமல்லபுரம், கல்பாக்கம் கரைகளில் மணலோடு கருப்புத் துகள்கள் கலந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாதுவும் உண்டு. மோட்டாருக்குள் இருப்பதோ வலுவான காந்தம். உள்ளே போன கருமணல் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு ஊதினாலும் வராது. நான்கு மோட்டார்களையும் விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். மூன்று வழுக்கிக்கொண்டு சுற்றி ஒன்று மட்டும் நரநரவென்றால் அதை மாற்றியே ஆக வேண்டும்.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

கை, வெளி உறை, தரையிறங்கும் கால், இறக்கை எல்லாம் சேதமாவதற்கென்றே இருப்பவை. முறிந்த கையைப் பசை போட்டு ஒட்டுவது மட்டும் கூடாது. கொஞ்சம் கோணினாலும் அந்த மோட்டார் மற்ற மூன்றோடு சேர்ந்து இழுக்காது. மோட்டாரோடு சேர்ந்த முழுக் கையாகப் போடச் சொல்லுங்கள். இறக்கைகளில் ஒன்று உடைந்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் வைத்த இறக்கை காற்றில்தான் பிளக்கும்.

கிம்பலில்தான் பேரம் இருக்கிறது. 'கிம்பல் போச்சு' என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு விலைகள் உண்டு: அதிர்வு தாங்கும் ரப்பர்கள், ரிப்பன் கேபிள், கிம்பலின் உலோகக் கை அல்லது மோட்டார், கேமரா முழுவதும். முதலாவது மிக மலிவு. கடைசியானது ட்ரோனிலேயே விலை உயர்ந்த உதிரிகளில் ஒன்று. உங்களுக்குப் படம் வருகிறது. எனவே கேமரா பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். தொங்குவதற்கும் நடுக்கத்துக்கும் ரப்பர் அறுந்ததோ கை வளைந்ததோ காரணமாக இருக்கலாம். 24,000-ல் எது அடக்கம் என்று பிரித்து எழுதி வாங்குங்கள். உதிரி புதியதா, இன்னொரு அடிபட்ட ட்ரோனிலிருந்து கழற்றியதா என்றும் கேளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் உட்பட எல்லா எலக்ட்ரானிக்ஸ் சந்தையிலும் கழற்றிய உதிரி புழங்குகிறது. உறைக்கும் தரையிறங்கும் காலுக்கும் அது பரவாயில்லை. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் வேண்டாம். கேமராவையே மாற்றினால் அதைப் போர்டோடு இணக்கிச் சரிபார்க்கத் தனி மென்பொருள் தேவைப்படலாம். அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.

மெயின் போர்டை மாற்ற வேண்டும் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். போர்டு, அதன் கேலிப்ரேஷன், கணக்கு இணைப்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ட்ரோனின் சட்டபூர்வ அடையாளமும் அதோடு பின்னியிருக்கிறது.

எந்த விலையோடு ஒப்பிடுவது?

2021-ல் கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். அது போன பணம். புதுசின் விலையோடும் ஒப்பிடாதீர்கள். இதே மாடல், இதே வயது, நல்ல நிலையில் இன்று கைமாறினால் என்ன விலை போகும் என்று நாலு பேரிடம் விசாரியுங்கள். அதில் பாதிக்கு மேல் பழுதுச் செலவு வந்தால் நிறுத்திவிடலாம் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. உதாரணமாக அந்த விலை 60,000 என்றால் உங்கள் எல்லை 30,000. அந்த 30,000-க்குள் பேட்டரியும் அடங்க வேண்டும். 2021 பேட்டரிகள் முதுமையடைந்திருக்கும். கீழே விழுந்து அடிபட்டதையும் அலையில் நனைந்ததையும் மறுபடி சார்ஜ் போடவே கூடாது. லேசாக உப்பியிருந்தாலும் அதே கதைதான். கடைக்காரரின் 24,000-ல் பேட்டரி இருக்காது. அதைச் சேர்த்துக் கூட்டுங்கள்.

இன்னொரு வரவு செலவும் உண்டு. உதிரி வரக் காத்திருக்கும் நாட்களில் முகூர்த்தங்கள் நிற்காது. சான்றிதழ் உள்ள ட்ரோன் ஆபரேட்டரை நாள் கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி முழுக்க அப்படி ஓட்டிப் பார்த்தால், வருடத்தில் உங்களுக்கு எத்தனை நாள் ட்ரோன் தேவைப்படுகிறது என்பது தெரிந்துவிடும். அது குறைவு என்றால் சொந்தமாக வைத்துக்கொள்ளவே தேவையில்லை.

80,000 ரூபாய் 'புதுசு'

நீங்கள் கவனிக்காமல் விட்ட பெரிய விஷயம் இது. 2022 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டது. முழுதாகவும் சரி, பிரித்துக் கொண்டுவந்து பூட்டுவதற்கும் சரி, அனுமதியில்லை. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரிப் பாகங்களுக்குத் தடை இல்லை. அதாவது, இந்த நாட்டில் வெளிநாட்டு ட்ரோனைச் சரிசெய்வதற்கு வழி திறந்திருக்கிறது, புதிதாக வாங்குவதற்குக் கதவு மூடியிருக்கிறது. டிஜேஐ போன்ற நிறுவனங்களின் புதிய மாடலை ஒருவர் உங்களுக்குக் கொடுக்கிறார் என்றால் அது எந்த வழியில் வந்தது என்று கேளுங்கள். பில் உண்டா, உங்கள் பெயரில் அடையாள எண் வாங்க முடியுமா என்பதையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த 80,000 சட்டப்படி பறக்க முடியாத ஒரு பொருளுக்கான விலை.

உங்கள் பழையது அப்படியல்ல. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், அந்த ஆண்டு நவம்பர் 30-க்குள் நாட்டுக்குள் வந்துவிட்ட ட்ரோன்களைப் பதிவு செய்துகொள்ள வாய்ப்புக் கொடுத்தன. நீங்கள் பயன்படுத்திக்கொண்டீர்கள். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ' வகை. தொழிலுக்குப் பறக்கவிட அடையாள எண்ணும் பைலட் சான்றிதழும் தேவை. இரண்டும் கையில் இருக்கும் கல்யாண வீடியோகிராபருக்கு அந்தப் பழைய ட்ரோனின் மதிப்பு சந்தை விலையை விடக் கூடுதல். போர்டு நன்றாக இருந்தால் பாதி என்ற என் எல்லையைக் கொஞ்சம் தாண்டலாம் என்பதற்கு இதுதான் காரணம்.

அந்த எண், ட்ரோனின் வரிசை எண்ணோடும், பறப்பைக் கட்டுப்படுத்தும் போர்டு, ரிமோட் ஆகியவற்றின் எண்களோடும் இணைக்கப்பட்டது. போர்டையோ ரிமோட்டையோ மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும். ட்ரோன் முற்றாகப் போய்விட்டது என்று முடிவெடுத்தாலும் பதிவை ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும். செய்யாமல் உதிரிக்காக விற்றால், உங்கள் பெயரிலுள்ள ஒரு ட்ரோன் எங்கேயோ யார் கையிலோ இருக்கும். விற்குமுன் உங்கள் கணக்கிலிருந்து அதை விடுவிப்பதையும் மெமரி கார்டை எடுப்பதையும் மறக்காதீர்கள். கட்டாயக் காப்பீடு மூன்றாம் நபருக்கானது. உங்கள் ட்ரோனின் பழுதுக்கு அதில் பணம் வராது. அதற்குத் தனியாகக் காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியைப் படித்துவிட்டு, பிரிப்பதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.

சரிசெய்த பிறகு

கடையில் வாங்கிய கையோடு கல்யாணத்துக்குப் போகாதீர்கள். சமதரையில் வைத்து அசைவை அளக்கும் ஐ.எம்.யு. சென்சாரின் கேலிப்ரேஷன், இரும்பில்லாத இடத்தில் திசைகாட்டி, கணினியில் இணைத்துத் தடை அறியும் சென்சார் என்று வரிசையாகச் செய்யுங்கள். பிறகு ஆள் இல்லாத புல்தரையில், மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு பேட்டரி முழுக்க அப்படியே நிறுத்துங்கள். நகராமல் நிற்கிறதா? இறக்கியதும் நான்கு மோட்டார்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே கோளாறு. அடுத்த பறப்புகளில் வேகம், திருப்பம், ஏற்ற இறக்கம். ஒவ்வொரு முறையும் பதிவைத் திறந்து பிழைச் செய்தி உண்டா என்று பாருங்கள். பத்துப் பேட்டரியாவது சுத்தமாகப் பறந்த பிறகுதான் மனிதர்கள் பக்கம் கொண்டுபோக வேண்டும். கிம்பலைச் சோதிக்க உங்கள் மாவட்டத்தில் நல்ல அளவுகோல் இருக்கிறது: கடலின் தொடுவானம். அது படத்தில் சாய்ந்து தெரிந்தாலோ திரும்பும்போது அலைந்தாலோ கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

சோதனைக்கும் ஷூட்டுக்கும் இடம் தேர்ந்தெடுக்கும்போது அரசின் ட்ரோன் வரைபடத்தைப் பாருங்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே 15 கிலோமீட்டரில் கல்பாக்கம் அணுமின் நிலையம். மாவட்டத்தின் வடக்கு முனையில் தாம்பரம் விமானப் படைத் தளம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் போன்றவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

கேள்வி: கோவளத்தில் அலைச்சறுக்கு எடுத்துக்கொண்டிருந்தபோது ட்ரோன் முழுதாகக் கடலில் விழுந்துவிட்டது. மறுநாள் காலை மீனவர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அரிசிப் பானையில் போட்டு வைத்திருக்கிறேன். பிழைக்குமா?

— ஒரு வாசகர், கேளம்பாக்கம்

பதில்: பிழைக்காது. இரவு முழுக்க, பேட்டரி மாட்டிய நிலையில் கடல்நீரில் கிடந்த போர்டில் மின்சாரமும் உப்பும் சேர்ந்து வேலையை முடித்திருக்கும். அரிசி கொஞ்சம் ஈரத்தை இழுக்கலாம்; உப்பை இழுக்காது. இதற்குப் பழுதுச் செலவு செய்யாதீர்கள்.

ஆனால் இரண்டு காரியத்தை இன்றே செய்யுங்கள். பேட்டரி இன்னும் உள்ளே இருந்தால் உடனே கழற்றுங்கள். கடல்நீர் புகுந்த லித்தியம் பேட்டரி காய்ந்த பிறகும் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வீட்டுக்கும் காருக்கும் வெளியே, மணல் நிரப்பிய இரும்பு வாளியில் வையுங்கள். சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது. குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அடுத்து மெமரி கார்டு. அதை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்துக் கணினியில் போட்டுப் பாருங்கள். அதன் உள்பாகம் மூடியே இருப்பதால் படங்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கும். விழுந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த வீடியோ மட்டும் முடிவு எழுதப்படாததால் திறக்காமல் போகலாம். அதைச் சீராக்கும் மென்பொருள்கள் உண்டு. முதலில் கார்டை அப்படியே ஒரு பிரதி எடுத்துவிட்டு, அந்தப் பிரதியில் முயன்று பாருங்கள்.

இனிக் கடலில் விழுந்தால், கையில் கிடைத்த நிமிடமே பேட்டரியைக் கழற்றி, உடலை நல்ல தண்ணீரில் பல முறை அலசி, ஆன் செய்யாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். சில நிமிடம் மட்டும் நனைந்த ட்ரோனிலிருந்து உறை, தரையிறங்கும் கால் போன்றவற்றையாவது உதிரியாகக் காப்பாற்றலாம். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதி மூடிக்கிடக்கும் காலத்தில் அந்த உதிரிக்கு நல்ல விலை உண்டு.